மலை முகட்டில் மறைந்த நெடுஞ்சாலை

கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குச் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மலையை விட்டு இறங்க வேண்டும். வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, போடிநாயக்கனூர் என்று சமவெளியைச் சுற்றிவந்து, போடிமெட்டு வழியாக மறுபடியும் மலையேற வேண்டும். 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம் இது. ஆனால், இவ்விரண்டு ஊர்களையும் மலை முகட்டின் மீதே இணைத்த 81 கிலோமீட்டர்ச் சாலை ஒன்று முன்பு இருந்தது. 1990 வரை மாநில நெடுஞ்சாலை 18 என்று அதற்கு எண்ணும் இருந்தது.

பழனி மலையில் வழிகள் மாறுவது புதிதன்று. 1845இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டியபோது வண்டிச் சாலையே கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் குதிரை மீதோ, கூலியாட்கள் சுமந்த டோலியிலோதான் ஏறினார்கள். 1875இல் இரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் இருந்த நிலையம் 'கொடைரோடு' என்று பெயர் பெற்றது. மேஜர் லா என்பவர் அதே காலத்தில் திட்டமிட்ட மலைச்சாலை, 1916இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நாற்பதாண்டுகள்! நாம் இன்று வத்தலக்குண்டிலிருந்து ஏறும் பாதை அதுவே.

மேற்கே மூணாறு நோக்கிய சாலை 1920களில் உருவாயிற்று. பேரிஜம் ஏரி, வந்தரவு, டாப் ஸ்டேஷன் வழியாக, 2,400 மீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டி அது சென்றது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரலில் விசாகப்பட்டினத்தின் மீது குண்டுகள் விழுந்தன. சென்னையும் தாக்கப்படுமானால் கொடைக்கானல் வழியாகக் கொச்சிக்குச் சென்று கப்பலேறலாம் என்று கருதிய ஆங்கிலேயர், இச்சாலையைச் செப்பனிட்டனர். 'தப்பிக்கும் சாலை' என்னும் பெயர் அதனால் வந்தது. அஞ்சியது நிகழவில்லை. தப்பியோட வேண்டிய அவசியமே அவர்களுக்கு ஏற்படவில்லை.

பிறகு தமிழகம், கேரளம் என எல்லை பிரிந்தது, பராமரிப்பு குறைந்தது, காடு சாலையை மூடிக்கொண்டது. கேரளப் பகுதியில் பாம்பாடும் சோலை 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. இப்பால் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. இன்று பேரிஜம் வரை செல்லவே வனத்துறையின் அனுமதி தேவை.

உல்லாசப் பேருந்துகளுக்காக அச்சாலையைத் திறக்க வேண்டும் என்று நான் கூற மாட்டேன். நாம் குடிக்கும் நீரைப் பிடித்துவைப்பவை அந்தச் சோலைகளும் புல்வெளிகளுமே. ஆயினும் எல்லையோரத்தில் வாழும் மக்களையும் சற்று நினைத்துப் பாருங்கள். தமிழகத்தின் கடைக்கோடியில் உள்ளது கிளாவரை. அப்பால், கேரளத்தில் வட்டவடை. அங்கும் வீடுகளில் ஒலிப்பது தமிழே. இரு பக்கமும் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. கொள்வினை, கொடுப்பினையும் உண்டு. காட்டு வழியே நடந்து கடக்கக்கூடிய தொலைவுதான். ஆனால் சம்பந்தி வீட்டுத் திருமணத்திற்கு வாகனத்தில் போக வேண்டுமானால், மலையிறங்கி, மாவட்டம் தாண்டி, மூணாறு ஏறித்தான் வர வேண்டும். நோயாளிக்கும் அதே சுற்றுதான். நெடுஞ்சாலை வேண்டாம், ஊர்க்காரர்கள் மட்டும் சென்றுவர ஒரு சிறு இணைப்பு போதும் என்பது அவர்கள் சார்பில் நான் வைக்கும் வாதம். இரண்டு மாநில அரசுகளும் இரண்டு வனத்துறைகளும் ஒரே மேசையில் அமர்ந்தாலன்றி அதுவும் நடவாது.