டீசல் கசிவைக் கண்டறிந்து நிறுத்துவது எப்படி?

கொங்கு நாட்டின் மானாவாரிக் காடுகளில் ஓர் உழவு மழை பெய்தால் மண்ணில் ஈரம் நிற்பது சில நாட்களே. பல்லடம், காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் அந்த நாட்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டும். அச்சமயம் டிராக்டர் கிளம்பாமல் நின்றுவிட்டால் பட்டமே தவறிவிடும். இவ்வாறு நிற்பதற்கு எப்போதும் பெரிய கோளாறுதான் காரணம் என்பதில்லை. டீசல் செல்லும் பாதையில் ஏற்படும் ஒரு சிறு கசிவே போதும்.

1932ல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் கோவை வட்டாரக் கிணறுகளுக்கு மின்சாரம் வந்தது. ஆயினும் டிராக்டர், பவர் டில்லர், மின் இணைப்பு இல்லாத கிணற்று ஆயில் இஞ்சின், விளைபொருள் ஏற்றும் வண்டி ஆகியவை டீசலைப் பெரிதும் நம்பியுள்ளன. டீசல் காரிலும் டீசல் செல்லும் பாதை ஏறக்குறைய இதேதான்.

இழப்பு எவ்வளவு?

சொட்டும் இடத்தின் கீழ் ஒரு டப்பாவை வைத்து, இஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டி, சேர்ந்த டீசலை அளந்து பார்க்க வேண்டும். மணிக்கு 50 மில்லி சேர்ந்தால், நாளுக்கு 8 மணி வீதம் 100 நாட்களில் 40 லிட்டர் மண்ணில் போய்விடும். கிணற்று மேட்டில் இஞ்சின் இருந்தால் அந்த டீசல் கிணற்று நீரிலும் கலக்கக்கூடும்.

டீசல் செல்லும் பாதை

டேங்கிலிருந்து டீசல் காக் வழியாக பீட் பம்புக்கும், அங்கிருந்து பில்டருக்கும், பின்னர் இஞ்செக்சன் பம்புக்கும் செல்கிறது. இதுவரை அழுத்தம் குறைவே. இஞ்செக்சன் பம்பிலிருந்து கனமான இரும்புக் குழாய் வழியாக இஞ்செக்டருக்குச் செல்லும்போது அழுத்தம் மிக அதிகம். பழைய வகை இஞ்சின்களிலேயே சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ அழுத்தத்தில் நாசில் திறக்கும். மீதி டீசல் ரிட்டன் குழாய் வழியே டேங்குக்குத் திரும்பும்.

கசிவு மூன்று வகை

முதல் வகை, டீசல் வெளியே சொட்டுவது. இது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுவது. டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் பிளவோ தளர்வோ இருந்தால் டீசல் சொட்டாது, காற்று புகும். இரவில் குழாயிலுள்ள டீசல் டேங்குக்கே இறங்கிவிடுவதால் காலையில் இஞ்சின் கிளம்ப அடம் பிடிக்கும். கிளம்பினாலும் சற்று நேரத்தில் நின்றுவிடும்.

மூன்றாவது, டீசல் இஞ்சினுக்குள்ளேயே கசிந்து இஞ்சின் ஆயிலில் கலப்பது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் அளவு கூடியிருக்கும். ஆயில் நீர்த்து, டீசல் வாடை வீசும். பீட் பம்பின் டயாபிரம் கிழிவதும், இஞ்செக்சன் பம்பின் சீல் தேய்வதும் காரணமாகலாம். ஆயில் குறையவில்லையே என்று மகிழ்ந்து ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்துவிடும். இந்நிலையில் இஞ்சினை உடனே நிறுத்தி, பழுதைச் சரிசெய்து, ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றிய பின்பே ஓட்ட வேண்டும்.

கண்டுபிடிக்கும் முறை

சொட்டும் இடமே கசியும் இடம் என்று எண்ணிவிடக் கூடாது. மேலே கசியும் டீசல் குழாய் வழியே வழிந்து, கீழே வேறோர் இடத்தில் சொட்டும். எனவே ஈரம் எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்றே பார்க்க வேண்டும்.

இஞ்சின் ஆறிய பிறகு சோப்பு நீரும் பிரஷ்ஷும் கொண்டு பம்பு, பில்டர், குழாய் இணைப்புகளைச் சுத்தம் செய்து துணியால் நன்கு துடைக்க வேண்டும். சூடான பம்பின் மீது தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. இணைப்புகள் உலர்ந்ததும் அவற்றின் மேல் சாக்குக்கட்டித் தூளை லேசாகத் தூவ வேண்டும். பெல்ட், விசிறி பக்கம் தூள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின் இஞ்சினைச் சற்று நேரம் ஓட்டி நிறுத்திப் பார்த்தால், கசியும் இடத்தில் வெள்ளைத் தூள் நனைந்து நிறம் மாறியிருக்கும்.

காற்று புகுவதைக் கண்டறிய, பில்டருக்கும் இஞ்செக்சன் பம்புக்கும் இடையே உள்ள குறைந்த அழுத்தப் பகுதியில் தெளிவான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தலாம். இஞ்சின் ஓடும்போது குமிழிகள் தொடர்ந்து வந்தால் காற்று புகுகிறது என்று பொருள்.

கையால் தடவக் கூடாது

அழுத்தம் மிகுந்த குழாயில் கசிவைக் கையால் தடவித் தேடுவது பேராபத்து. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய டீசல் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே முள் குத்தியது போன்ற புள்ளி மட்டுமே தெரியும். முதலில் வலியும் குறைவாக இருக்கலாம். சில மணி நேரத்தில் கை வீங்கித் தசை அழுகி, விரலையோ கையையோ எடுக்க நேரிடும். இவ்வாறு நேர்ந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே சென்று, டீசல் உட்புகுந்ததைச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட அட்டைத் துண்டைத் தூரப் பிடித்துப் பார்ப்பதே முறை.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் வந்தன. அவற்றிலும் புதிய கார்களிலும் உள்ள காமன் ரெயில் முறையில் அழுத்தம் பல மடங்கு அதிகம். இவற்றில் அழுத்தக் குழாயின் நட்டை விவசாயிகள் தாமே தளர்த்தக் கூடாது.

சரிசெய்யும் முறை

செம்பு வாஷர்: யூனியன் போல்ட்டின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்கள் ஒருமுறை நசுங்கினால் கெட்டிப்பட்டுவிடும். புதியவை போடுவதே சிறந்தது. கிடைக்காதபோது பழைய வாஷரைச் செந்நிறமாகும்வரை காய்ச்சி நீரில் போட்டால் மென்மையாகிவிடும். கறுப்பைத் துடைத்துவிட்டு மீண்டும் பொருத்தலாம்.

ரப்பர் குழாய்: தண்ணீர்க் குழாயும் சைக்கிள் டியூப்பும் டீசலில் ஊறி உப்பிவிடும். டீசலுக்கென்றே செய்த குழாயை வாங்கி, கட்டுக்கம்பிக்குப் பதில் கிளிப் போட வேண்டும்.

பில்டர்: புதிய பில்டர் போடும்போது பழைய ரப்பர் வளையம் மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். இரண்டு வளையம் சேர்ந்தால் நிச்சயம் கசியும்.

பழைய ரப்பர் வளையங்கள்: 1993ல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது, பழைய பம்புகளின் வளையங்கள் சுருங்கிக் கசிந்தன. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படாத டீசல் விற்கப்படுகிறது. எனவே பழைய டிராக்டர்களில் இந்த வளையங்களைக் கவனித்து மாற்றுவது நல்லது.

அழுத்தக் குழாய்: இதில் விரிசல் கண்டால் பற்றவைக்கக் கூடாது, புதுக் குழாயே போட வேண்டும். நட்டு கசிந்தால் ஒரு ஸ்பேனரால் அடியைப் பிடித்து, மற்றொன்றால் அளவாக முறுக்க வேண்டும். பலமாக முறுக்கினால் குழாயின் கூம்பு முனை நசுங்கிக் கசிவு அதிகமாகும். குழாயைத் தாங்கும் கிளாம்புகள் கழன்றிருந்தால் அதிர்வில் குழாய் மீண்டும் வெடிக்கும்.

டேங்க்: டீசல் இருந்த டேங்கை நன்கு கழுவி ஆவி நீக்காமல் பற்றவைத்தால் வெடித்துவிடும். பழகிய பட்டறையிலேயே கொடுக்க வேண்டும்.

நூல், டேப், எம்சீல் போன்றவற்றை இணைப்புகளுக்குள் வைப்பது தவறு. அவற்றின் துணுக்குகள் நாசிலின் நுண்துளையை அடைத்துவிடும். இஞ்செக்சன் பம்பின் உட்புறக் கசிவை, சோதனை மேடையுள்ள பம்பு பட்டறையில்தான் சரிசெய்ய முடியும்.

காற்றை வெளியேற்றுதல்

பழுது பார்த்தபின், பில்டரின் காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, பீட் பம்பின் கைப்பிடியை அழுத்த வேண்டும். குமிழியின்றி டீசல் வந்ததும் திருகை இறுக்கி, இஞ்செக்சன் பம்பின் திருகிலும் இவ்வாறே செய்ய வேண்டும். பின்னர் இஞ்சினை ஓட்டி, இணைப்புகள் உலர்ந்திருக்கின்றனவா என்று மீண்டும் பார்க்க வேண்டும்.

ஆடிப்பட்டத்துக்கு முன்பே, ஓய்வான ஒரு நாளில் இச்சோதனையைச் செய்து, ஒரு சோடி செம்பு வாஷரும் இரண்டு கிளிப்பும் கருவிப் பெட்டியில் வைத்துக்கொள்வது விவேகம். மேலும் விவரம் வேண்டுவோர் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம்.