கண் திறக்காத கம்ப்யூட்டர்!

பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றுகிறது. பெட்டிக்குள்ளே விளக்கும் எரிகிறது. ஆனால் திரை மட்டும் இருட்டு!

பாகம் பாகமாக வாங்கி, வீட்டிலேயே பொருத்திய கம்ப்யூட்டரில் இது அடிக்கடி நடப்பதுதான். ரிப்பேர் கடைக்காரர்கள் இதற்கு "நோ டிஸ்பிளே" என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஆழ்வார்திருநகரியில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். மகன் கல்லூரியில் படிக்கிறான். சென்னை ரிச்சி தெருவில் இருந்து சில பாகங்கள், திருநெல்வேலிக் கடையில் சில, தபாலில் வந்தவை சில. எல்லாவற்றையும் சேர்த்து கம்ப்யூட்டரைக் கட்டி முடித்தான். அப்பா கட்டிய சீட்டுப் பணம் அதோடு சரி!

சுவிட்சைப் போட்டான். இருட்டு.

"ஏலே, அம்புட்டு ரூவாயும் போச்சா?" என்று அப்பா கேட்கிறார்.

போகவில்லை! புதிதாகப் பொருத்திய கம்ப்யூட்டர் எழுந்திருக்காவிட்டால், பெரும்பாலும் பாகம் கெட்டிருக்காது. ஏதோ ஒன்று சரியாக உட்கார்ந்திருக்காது. அல்லது ஒரு வயரைச் செருக மறந்திருப்பார்கள்.

ஆனால் இந்த இடத்தில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். "மதர்போர்டு போய்விட்டது" என்று பதற்றத்தில் தாங்களே முடிவு கட்டுகிறார்கள். இன்னொன்று வாங்கி வருகிறார்கள். அதைப் பொருத்தினாலும் அதே இருட்டு!

உள்ளேன் ஐயா

பொத்தானை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது?

மதர்போர்டில் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதில் "பயாஸ்" என்ற கட்டளைகள் பதிந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆஜர் எடுப்பது போல, அது ஒவ்வொரு பாகத்தையும் கூப்பிட்டுப் பார்க்கும். "பிராசசர்?" "உள்ளேன் ஐயா." "ராம்?" "உள்ளேன் ஐயா." "கிராபிக்ஸ்?" இப்படியே போகும். முக்கியமான ஒன்று பதில் சொல்லாவிட்டால் வேலை அங்கேயே நின்று விடும். எல்லாரும் பதில் சொன்ன பிறகுதான் திரையில் படம் வரும்.

ஆகவே இருட்டுத் திரை என்றால் யந்திரம் செத்துவிட்டது என்று பொருள் அல்ல. யாரோ ஒருவர் ஆஜர் கொடுக்கவில்லை. அது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆழ்வார்திருநகரிக் கோவிலில் உள்ள புளியமரத்துக்கு "உறங்காப் புளி" என்று பெயர். அதன் அடியில் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் பேசாமல் இருந்தார் என்றும், மதுரகவியாழ்வார் வந்து கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டதும் வாய் திறந்தார் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். யந்திரத்தை அதோடு ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும், பேசாமல் இருப்பதெல்லாம் உயிர் இல்லாதது அல்ல என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை!

முதலில் வெளியே பாருங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன் வெளியே உள்ளதைப் பாருங்கள்.

விசிறியே சுற்றவில்லையா? சுவர் பிளக்கில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். அதன் முதுகில் ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போடாமலே அரை நாள் மண்டையை உடைத்துக் கொண்டவர்கள் உண்டு.

விசிறி சுற்றுகிறது, படம் இல்லையா? மானிட்டர் வயர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால், வயரை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகினால் படம் வராமல் போகலாம்.

அதேபோல, எல்லாப் பிராசசருக்கும் படம் காட்டும் சக்தி கிடையாது. இன்டெல் கம்பெனியின் பிராசசர் எண்ணுக்குப் பின்னால் "எப்" என்ற ஆங்கில எழுத்து இருந்தால், தனிக் கார்டு இல்லாமல் படமே வராது. விலை குறைவு என்று இதை வாங்கிவிட்டு விழிப்பவர்கள் பலர்.

இன்னொன்று, பொறுமை. டி.டி.ஆர்.5 என்ற புதுவகை ராம் போட்ட கம்ப்யூட்டர், முதல் தடவை அந்த ராமோடு பழகிக் கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக் கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து போய் அணைத்து அணைத்துப் போட்டால், பாவம், அது மறுபடியும் முதலில் இருந்து தொடங்கும்! பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள்.

இரண்டு குற்றவாளிகள்

இனிப் பெட்டியைத் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறக்க வேண்டும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுக் கொள்ளுங்கள். உடம்பில் தங்கியிருக்கும் மின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடும்.

உள்ளே முதல் குற்றவாளி, பிராசசருக்கு மின்சாரம் கொண்டு போகும் வயர். மதர்போர்டுக்கு 24 முனை உள்ள பெரிய வயர் ஒன்று போகிறது. அதைச் செருகியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் போர்டின் மேல் மூலையில், பிராசசருக்கு என்று 4 அல்லது 8 முனை உள்ள வயர் தனியாக உண்டு. அதைச் செருகாவிட்டால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், கம்ப்யூட்டர் மட்டும் எழுந்திருக்காது!

இரண்டாவது குற்றவாளி ராம். இதை நன்றாக அழுத்த வேண்டும். "டக்" என்று சத்தம் கேட்டுக் கொக்கி மாட்ட வேண்டும். உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். பழைய ராம் என்றால், அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் தட்டிவிட்டுப் போடுங்கள். ரிப்பேர் கடைகளில் தினமும் நடக்கும் வைத்தியம் இது!

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற பேட்டரி இருக்கும். 3 வோல்ட், எண் சி.ஆர்.2032. பிளக்கைப் பிடுங்கிய பிறகு இதைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால், பயாஸில் யாராவது மாற்றி வைத்த கணக்கெல்லாம் அழிந்து பழைய நிலைக்கு வரும். இதிலேயே பல யந்திரங்கள் கண் திறந்துவிடும்.

பம்பாயில் நடந்தது

இதற்கும் மசியாவிட்டால்? எல்லாவற்றையும் கழற்றுங்கள். மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர் மட்டும் போதும். பிராசசரில் படம் காட்டும் சக்தி இல்லாவிட்டால் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் கொள்ளுங்கள். படம் வந்துவிட்டால், மற்ற பாகங்களை ஒன்று ஒன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் போட்டுப் பாருங்கள். எதைச் சேர்த்ததும் இருட்டாகிறதோ, அதுதான் ஆசாமி! ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

பெட்டிக்கு வெளியே வேலை செய்து, உள்ளே வைத்தால் நின்று போகிறதா? மதர்போர்டைத் தாங்கும் சின்னப் பித்தளை ஸ்குரு ஒன்று வேண்டாத இடத்தில் முட்டிக் கொண்டிருக்கும்.

சிறிதாக எழுப்பிப் பார்த்து, பிறகு பெரிதாக்கும் இந்த வழி புதியது அல்ல. நம் நாட்டில் நாமே கட்டிய பெரிய கம்ப்யூட்டரின் கதையும் இதுதான்.

பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் அதைக் கட்டினார்கள். தலைமை வகித்தவர் ஒரு தமிழர்! சென்னையில் பிறந்து, கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன். கூட வேலை செய்தவர்கள் இளைஞர்கள். பெரிய யந்திரத்தில் அவர்கள் எடுத்த எடுப்பில் கை வைக்கவில்லை. முதலில் சிறிய மாதிரி யந்திரம் ஒன்றைக் கட்டினார்கள். 1956-ல் அது ஓடியது. அதன் பிறகே பெரியதைத் தொடங்கி, 1960-ல் ஓட விட்டார்கள்.

அதில் பழைய ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகள் சுமார் 2,700! எத்தனை இணைப்புகளைச் சரி பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1962-ல் பிரதமர் நேரு அதற்கு "டிப்ராக்" என்று பெயர் சூட்டினார்.

பூச்சியும் வெள்ளமும்

கொஞ்ச நாள் ஓடிய கம்ப்யூட்டர் திடீரென்று நின்றால் உள்ளே எறும்பு, பல்லி இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம்! 1947 செப்டம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் "மார்க்-2" கம்ப்யூட்டரில் கோளாறு. தேடிப் பார்த்தால் உள்ளே ஒரு விட்டில் பூச்சி! அதை எடுத்து, குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்த ஏடு இன்றும் வாஷிங்டன் கண்காட்சிச் சாலையில் இருக்கிறது.

தாமிரபரணிக் கரைக்கு வெள்ளம் இன்னொரு எதிரி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் புகுந்த கம்ப்யூட்டரை "ஓடுகிறதா, பார்ப்போம்" என்று சுவிட்ச் போடுவதுதான் அதைக் கொல்லும் வேலை. பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, சேற்றைத் துடைத்து, பல நாள் நிழலில் உலர விடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் முக்கியமான படங்கள், கணக்குகள் இருந்தால் நீங்களே ஓட்டிப் பார்க்காமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். பெட்டியைத் தொட்டால் "சுர்" என்கிறதா? வீட்டின் எர்த் வயர் சரியில்லை. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கடைக்குப் போகும்போது

திரையில் எழுத்து வந்து, "பூட் டிவைஸ் இல்லை" என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். யந்திரம் நன்றாக இருக்கிறது. விண்டோஸ் போன்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் இன்னும் ஏற்றவில்லை, அல்லது டிஸ்க்கின் வயர் கழன்றிருக்கிறது.

எதற்குமே அசையாவிட்டால் கடைக்குக் கொண்டு போக வேண்டியதுதான். எல்லாப் பாகங்களையும் பில்லோடு எடுத்துப் போங்கள். "அண்ணாச்சி, உங்களிடம் உள்ள நல்ல ராமைப் போட்டுப் பாருங்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போட்டுப் பாருங்கள்" என்று கேளுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். இன்டெல், ஏ.எம்.டி. கம்பெனிகள் பெட்டியில் அடைத்து விற்கும் பிராசசருக்குப் பொதுவாக 3 ஆண்டு கியாரண்டி உண்டு. எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். கியாரண்டிக்கு அதைத்தான் அனுப்ப வேண்டும்.