ஜவ்வாது மலையில் ஒரு தூண்டில் சக்கரம்

கடந்த ஷவ்வால் மாதத்தில் ஒருநாள், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பேருந்தில் பயணம் செய்தேன். 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்டு விண்மீன்களை ஆராயும் வைனு பாப்பு வானாய்வகம் அவ்வழியில்தான் அமைந்திருக்கிறது. என் சட்டைப் பையிலோ, கடிகாரம் பழுதுபார்க்கும் நண்பரிடம் இரவல் வாங்கிய சிறு பூதக்கண்ணாடி ஒன்று இருந்தது. ஒரு பழைய தூண்டில் சக்கரத்தின் கைப்பிடிக் குமிழைப் பார்ப்பதற்காக அதை எடுத்துச் சென்றேன்.

அச்சக்கரம் என் பழைய மாணவர் ஒருவரின் வீட்டில் இருக்கிறது. மலையில் விளையும் புளியும் சாமையும் தேனும் வாங்கி விற்கும் குடும்பம் அது. அவருடைய பாட்டனார் மர்ஹூம் அவர்கள், நீலகிரியில் ஆங்கிலேய வனத்துறை அதிகாரி ஒருவரிடம் சமையற்காரராகப் பணியாற்றியவர். 1947இல் தாயகம் புறப்பட்ட அந்தத் துரை, "பத்திரமாக வைத்திரு, வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லித் தோலுறை ஒன்றைக் கொடுத்துச் சென்றாராம். பிறகு அவர் வரவுமில்லை, கடிதம் எழுதவுமில்லை.

அண்மையில் பழைய பாத்திரம் வாங்குபவர் அதைப் பித்தளை விலைக்கு எடைபோட்டுக் கேட்டிருக்கிறார். அதே வாரத்தில், கைப்பேசியில் படத்தைப் பார்த்த பெங்களூர் வணிகர் ஒருவர் சொன்ன தொகையோ அக்குடும்பத்தின் ஓராண்டு வருமானத்துக்கு ஈடானது. மாணவர் திகைத்துப் போனார். "ஹஜ்ரத், நீங்கள் மதரஸாவுக்கு வருமுன் கல்லூரியில் வரலாறு படித்தவர்கள். இது என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

நம் ஏரிக்கரைகளில் தூண்டில் என்றால் மூங்கிற்கோல், நரம்பு, முள், மண்புழு, அவ்வளவுதான். நூலைச் சுற்றி வைக்கும் சக்கரம் நமக்குப் புதிது, உலகுக்குப் புதிதன்று. சீன ஓவியர் மா யுவான் ஏறத்தாழ 1195இல் தீட்டிய படத்தில், தனியே படகில் அமர்ந்து மீன் பிடிப்பவரின் கோலில் அது தெளிவாகத் தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கடிகாரக் கைவினைஞர் ஜார்ஜ் ஸ்னைடர், கைப்பிடி ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலுமாறு பற்சக்கரங்களைப் பொருத்தினார். 1905இல் இங்கிலாந்தின் கம்பளி ஆலை உரிமையாளர் இல்லிங்வொர்த், உருளை அசையாதிருக்க நூல் மட்டும் கழன்று ஓடும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். நூற்பாலைக் கண்டுகளைப் பார்த்தே அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாம். இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

இத்தகைய கருவிகள் நம் தென்னாட்டுக்கு வந்த கதையும் சுவையானது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி 1873இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். 1907இல் நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஏற்பட்டது. மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மாசீர் மீனைப் பிடித்தார். அத்தகைய மீன் இழுக்கும்போது பழுதான சக்கரம் விரலையே முறித்துவிடும். ஆகவே துரைமார் நல்ல சக்கரங்களைச் சீமையிலிருந்து வரவழைத்தனர்.

அவற்றை வகை பிரித்தறிவது எங்ஙனம்? முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடி. வளைந்த தண்டு ஒன்று வெளியே நீண்டு, அதன் நுனியில் குமிழ் இருந்தால் அது பழைய முறை. நூல் அத்தண்டில் சிக்கிக்கொள்ளும். இக்குறையை நீக்கவே, சுழலும் தகட்டின் மேலேயே குமிழைப் பதித்தார்கள். அடுத்தது உடல். நாட்டிங்ஹாம் வகை என்பது வாதுமை மரத்தில் கடைந்தது, தடையின்றி ஓடும். ஆனால் ஈரத்தில் மரம் நெளியும் என்பதால், அதன் முதுகில் நட்சத்திர வடிவில் பித்தளைச் சட்டம் பதித்திருப்பார்கள். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். பெர்த் நகரத்து மாலக் செய்து 1884இல் காப்புரிமை பெற்ற சக்கரம், எறியும்போது பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். அத்திருகு அமைப்பே அதன் அடையாளம்.

இவற்றுள் பெரும்புகழ் பெற்றவை, 1872இல் வடஇங்கிலாந்தின் ஆல்னிக் ஊரில் தொடங்கப்பெற்ற ஹார்டி நிறுவனத்தின் சக்கரங்கள். 1891இல் அறிமுகமான 'பெர்ஃபெக்ட்' எனும் வகையில் சிறு எஃகுக் குண்டுகள் பேரிங்காக அமைந்திருக்கும். தொடக்கத்தில் முழுவதும் பித்தளை. பின்னர் உடல் அலுமினியக் கலவை, முகத்தகடு மட்டும் பித்தளை. அதற்கும் பின்னர் முகமும் அலுமினியக் கலவை. தூண்டிற்கோலைப் பற்றிய ஒரு கையின் முத்திரை முகத்தில் இருந்தால் அது முந்தைய காலத்தது. உள்ளே, அதைச் செய்த தொழிலாளியின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதும் உண்டு. உரிமையாளரின் பெயர் எங்கும் இருக்க, உழைத்தவரின் இரண்டு எழுத்துகள் மட்டும் எவரும் பாராத இடத்தில் இருப்பதை எண்ணிக்கொண்டேன்.

மாணவரின் வீட்டில் தோலுறையைத் திறந்தார்கள். பார்த்தவுடன் எனக்குத் 'திக்'கென்றது. முதல்நாள் தொலைபேசியில், "எழுத்துகள் தெரியும்படி துடைத்து வையுங்கள்" என்று நான்தான் சொல்லியிருந்தேன். வீட்டிலுள்ளவர்கள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பெருநாள் குடம்போலப் பளபளக்க வைத்திருந்தார்கள்! அந்தப் பித்தளை முகத்துக்குத் தொழிற்சாலையில் பூசிய கரும்பழுப்பு நிறம் ஒன்று உண்டு. அது நிலைத்திருக்கும் சக்கரத்துக்கே சேகரிப்போரிடம் மதிப்பு. ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் எஞ்சியிருந்தது. குற்றம் என்னுடையது, அவர்களிடம் சொல்லிவிட்டேன். வாசகர் எவர் வீட்டிலேனும் இத்தகைய பொருள் இருந்தால், உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முகம் பித்தளை, உடல் அலுமினியக் கலவை, கோலைப் பற்றிய கை, உள்ளே எஃகுக் குண்டுகள். முதல் உலகப் போருக்கு முந்தியதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அடித்தகட்டின் இரு நுனிகளையும் யாரோ அரத்தால் தேய்த்திருந்தார்கள். தம் கோலில் பொருந்துவதற்காகச் செய்திருக்கக்கூடும். இதுவும் விலையைக் குறைக்கும்.

பிறகு குமிழ். அக்காலத்தில் தந்தத்திலும் செய்தார்கள், போலித் தந்தத்திலும் செய்தார்கள். தந்தமாயின் விலை கிடக்கட்டும், விற்பதே குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தங்கள் தந்த வணிகத்தை முற்றாகத் தடுத்துவிட்டன. குமிழின் தலையில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உண்மைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் வலைபோல் தெரியும். இதில் அவை இல்லை. பக்கவாட்டில் மட்டும் ஒரே சீரான கோடுகள். போலிதான். போலி என்று கேட்டு ஒரு வீடு மகிழ்ந்ததை அன்றுதான் கண்டேன்.

அங்கிருந்தே பெங்களூர் வணிகரிடம் பேசினோம். பளபளப்பைச் சொன்னதும் விலையைப் பாதியாக்கினார். இலண்டனுக்கு அனுப்பப்போவதாகவும் வாய்தவறிச் சொன்னார். நூறாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்று நினைவூட்டினேன். பேச்சு அத்துடன் நின்றது.

பாட்டனாரின் மகள், எழுபது கடந்த மூதாட்டி, அதுவரை பேசாதிருந்தார். "அத்தா இதை இனாம் என்று சொன்னதில்லை. துரை கொடுத்து வைத்த அமானிதம் என்றுதான் சொல்வார்கள்" என்றார். அடித்தகட்டை மீண்டும் பார்த்தேன். ஊசியால் கீறிய மூன்று ஆங்கில எழுத்துகள். தோலுறையின் உட்புறத்தில் மங்கிக் கிடந்ததும் அதே மூன்று எழுத்துகள். முக்கால் நூற்றாண்டாக அவ்வீட்டில் சொல்லிவந்த கதைக்கு அது ஒரு சான்று. உரியவரைத் தேட வழியில்லாதபோது அமானிதப் பொருளை என்ன செய்வது என்பதை, மார்க்கச் சட்டத்தில் என்னினும் தேர்ந்த மூத்த ஆலிம் ஒருவரிடம் கேட்டு எழுதுவதாகச் சொன்னேன். அதுவரை விற்பதில்லை என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

புறப்படுமுன், கடிகாரக்கார நண்பர் கொடுத்திருந்த எண்ணெயில் ஒரு துளியை அச்சில் விட்டேன். மாணவரின் சிறுமகள் குமிழைப் பிடித்துச் சுற்றினாள். எத்தனையோ ஆண்டுகள் உறங்கிக் கிடந்த சக்கரம் 'டிக் டிக் டிக்' என்று ஓடியது. பாட்டி அதை வாங்கி, பழைய துணியில் சுற்றி, உறையிலிட்டுப் பெட்டியில் வைத்தார். நாலரை மணிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.