வெண்டை நோய்க்கு மச்சான் நம்பர் எதுக்குங்க?

போன மாசம் வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாச்சு. ஊத்துக்குளியில் ஒரு தம்பி சொன்னாரென்று, போட்டோ எடுத்தால் நோயைச் சொல்லும் ஆப் ஒன்றை இறக்கினேன். கேமரா கேட்டது, நியாயம். அடுத்து, போனில் இருக்கிற நம்பர்களையெல்லாம் பார்க்கட்டுமா என்றது. யோசிக்காமல் அதற்கும் அனுமதி கொடுத்துவிட்டேன். ராத்திரிதான் உறைத்தது.

அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் உட்பட ஒருத்தரும் 'தனியுரிமைக் கொள்கை'யைப் படித்ததில்லை. பக்கம் பக்கமாக வக்கீல் இங்கிலீஷ், எப்படிப் படிப்பது? பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் பொடி எழுத்தையும் யாரும் படிப்பதில்லை. ஆனால் சிவப்பு முக்கோணம் என்றால் கொடிய விஷம் என்று எழுத்துத் தெரியாதவருக்கும் தெரியும். (அந்த டப்பாவே வேண்டாம் என்கிற கூட்டம் நாம், அது வேற விஷயம்.) ஆப்புக்கு அப்படி நிறம் எதுவும் இல்லை. பிளே ஸ்டோரில் 2022 முதல் 'தரவுப் பாதுகாப்பு' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை எழுதித் தருவது ஆப் தயாரித்தவரேதான்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தத் தகவல் எதற்கு என்று சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும், அதைத் தமிழிலும் படிக்க வழி வேண்டும் என்கிறது. சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு: மருத்துவ ஆலோசனை ஆப் ஒன்று தொடர்பு எண்களையும் கேட்கிறது, நோயாளியும் சரி என்கிறார். வைத்தியத்துக்கு அந்த எண்கள் தேவையில்லை; ஆகவே அந்தச் சம்மதம் செல்லாது. என் வெண்டைக் கதைதான்! விதிகள் 2025 நவம்பரில் வந்தன, ஆனால் ஒப்புதல் பற்றிய பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

அவசரத்துக்குக் கடன் ஆப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். பணம் கட்டத் தாமதமானால் சொந்தக்காரருக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்குவது இந்த நம்பர்களை வைத்துத்தான். கடன் ஆப்கள் தொடர்பு எண்களையோ படங்களையோ தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. கேட்டால், அந்த ஆப்பை அப்போதே தூக்கிவிடுங்கள். மிரட்டினால் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

கொடுத்த அனுமதியைத் திருப்பி வாங்கலாம். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' போய், அந்த ஆப்பைத் தொட்டு, 'அனுமதிகள்' திறந்து, வேண்டாததை 'அனுமதிக்காதே' என்று மாற்றணும். ஏற்கெனவே எடுத்துப் போனது திரும்பாது, இனி எடுக்காது.

நான் தொடர்பு எண்களை நிறுத்தினேன். அப்புறமும் ஆப் நோயைச் சொன்னது: மஞ்சள் நரம்புத் தேமல், பரப்புவது வெள்ளை ஈ. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டியிருக்கேன்.