எண்ணெய் வடிகட்டியின் தரமறிதல்

பனியன் மூட்டையைப் பின்னே கட்டிக்கொண்டு அவிநாசிக்கும் பல்லடத்திற்கும் சென்றுவரும் நம் அங்கத்தினர் பலருக்கு மோட்டார் சைக்கிளும் ஒரு தொழிற்கருவியே. இஞ்சின் பழுதுற்றால் அன்றைய வேலை நின்றது. ஆகவே, கடைகளில் 'ஆயில் பில்டர்' என வழங்கும் எண்ணெய் வடிகட்டியை நாம் ஆராய்ந்து வாங்குதல் அவசியமாகும்.

பெட்டியின் மேலுள்ள பெயரும் விலையும் மட்டும் தரத்திற்கு அத்தாட்சி ஆகா. '20 மைக்ரான்' என்று அச்சிட்டிருப்பதும் போதாது. முப்பதாம் நம்பர் நூல் என்றால், ஓர் இராத்தலில் 840 கஜச் சிட்டங்கள் 30 என்று நாம் அறிவோம். அளவு தெரிவதால் அவ்வெண்ணுக்குப் பொருளுண்டு. அதுபோல, 20 மைக்ரான் துகள்களில் நூற்றுக்கு எத்தனையைத் தடுக்கும் என்பதும் கூறப்பட வேண்டும். இதனைச் சோதிக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 4548 என்னும் சர்வதேசத் தரவிதி வகுத்துள்ளது.

அவ்விவரம் கிடைக்காவிடில், நம் வண்டிக்குப் பொருந்தும் இரண்டு மூன்று கம்பெனிச் சரக்குகளை அருகருகே வைத்து ஒப்பிடுவோம். காகித மடிப்புகள் சம இடைவெளியுடன் உள்ளனவா? பரப்பு மிகுந்த காகிதம் விரைவில் அடைபடாது. முனைகளில் பசை விடுபடாமல் ஒட்டியுள்ளதா? ரப்பர் வளையம் வெடிப்பின்றி மிருதுவாக உள்ளதா?

கழற்றிய பழையதையும் வெட்டிப் பார்த்தல் நன்று. மடிப்பு நசுங்கியோ பசை விட்டோ இருப்பின் அவ்வகையை மீண்டும் வாங்கலாகாது. உலோகத் துகள்கள் மின்னினால் மெக்கானிக்கிடம் உடனே காட்டுக.

பழைய ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் காகித வடிகட்டியே இல்லை. கம்பிவலையையும் சுழல்வடிகட்டியையும் சுத்தம் செய்தலே முறை.

நூலின் குறையை விரலால் உணரும் நமக்கு இச்சோதனை அரிதன்று.