ரத்தம் உங்களுடையது, பலன் பேரனுக்கு

டிமென்ஷியாவின் மரபணு வேரைத் தேடும் ஆய்வுக்கு வேண்டியது நோயாளிகள் அல்ல, நன்றாக இருப்பவர்கள். அவர்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்திலுள்ள ஸ்ரீனிவாசபுரம் தாலுகா மாம்பழத்துக்குப் பெயர்போனது. 2018 முதல் அது மூளை விஞ்ஞானிகளுக்கும் வேண்டிய இடமாகிவிட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இயங்கும் மூளை ஆராய்ச்சி மையம், இந்தக் கிராமங்களில் 45 வயதைத் தாண்டிய 10,000 பேரைச் சேர்த்துத் தொடர்ந்து பரிசோதிக்கும் திட்டத்தை அந்த ஆண்டு தொடங்கியது. வயதாகும்போது யாருக்கு அறிவுத்திறன் மங்குகிறது, யாருக்கு மங்குவதில்லை, அதில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி.

நோயாளி என்றால் மருத்துவரைத் தேடி வருவார். இங்கே டிமென்ஷியா வந்துவிட்டவருக்கு இடமில்லை. திடமாக இருப்பவரிடம் போய் ரத்தம் கேட்க வேண்டும். ஞாபகசக்தியைச் சோதிக்க வேண்டும். மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டும். மறுபடியும் வரச்சொல்ல வேண்டும். ‘எனக்கென்ன லாபம்?’ என்று அவர் கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுதான்: பெரிதாக ஒன்றுமில்லை, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இருக்கலாம்.

பெங்களூர் நகரவாசிகளிடம் இதே மையம் நடத்தும் இன்னொரு ஆய்வில் விவரம் தெரிந்து தாமாக முன்வருபவர்கள் உண்டு. கிராமத்தில் வீடு தேடிப் போக வேண்டியிருக்கிறது. அங்கே கதவைத் திறக்கவைப்பது விஞ்ஞானியின் பட்டத்தைவிட, கூட வரும் ஆஷா பணியாளரின் தெரிந்த முகம். சிக்கலும் அங்கேதான். பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் உதவியவரிடம் ‘மாட்டேன்’ என்று எப்படிச் சொல்வது? சம்மதம் எங்கே முடிகிறது, தாட்சண்யம் எங்கே தொடங்குகிறது?

இதற்காகத்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் கறாராக இருக்கின்றன. ஆய்வைப் பற்றி அவரவர் மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது நடுநிலையான சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் தரலாம்; ஆசை காட்டும் அளவுக்குப் பணம் தரக்கூடாது. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

மரபணு ஆய்வில் விளக்குவதே கடினம். ஏபிஓஇ-4 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அல்சைமர் நோய் வரும் அபாயம் கூடுதல். ஆனால் அது இருந்தும் நோய் வராதவர்கள் ஏராளம். இல்லாமலே வந்தவர்களும் உண்டு. அபாயம் வேறு, தலையெழுத்து வேறு என்பது படித்தவர்களுக்கே எளிதில் பிடிபடுவதில்லை. தவிர, ஒருவர் தரும் ரத்தம் அவருடைய உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் பற்றியும் பேசுகிறது. அவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை.

நம்பிக்கை ஒருமுறை கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர், 1990-ல் தொடங்கிய ஆய்வுக்காக அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். சர்க்கரை நோய்க்கு விடை கிடைக்கும் என்று நம்பினார்கள். அதே ரத்தத்தில் மனச்சிதைவு நோயும் இனத்தின் பூர்வீகமும் ஆராயப்பட்டது தெரிந்ததும் வழக்குப் போட்டார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்தது. மிச்ச ரத்தத்தையும் திருப்பித் தந்தது.

இந்தியாவிலும் ஒருமுறை தரும் ரத்தம் பலர் கைக்குப் போகக்கூடியதுதான். பெங்களூர் மையம் ஒருங்கிணைத்த ஜெனோம் இந்தியா திட்டத்தில் திரட்டப்பட்ட சுமார் 10,000 பேரின் மரபணுத் தகவல்கள் ஃபரீதாபாத்தில் சேமிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் மற்ற ஆய்வாளர்களும் அனுமதி பெற்றுப் பயன்படுத்தத் திறக்கப்பட்டன. விஞ்ஞானத்துக்கு இது பெரிய லாபம். ஆனால் மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்க அமெரிக்காவில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே அதற்கென்று தனிச் சட்டம் இல்லை.

கைநாட்டு வைக்கும் விவசாயிக்கு இத்தனையையும் சொல்லத்தான் வேண்டும். கேட்டபிறகும் அவர் கையை நீட்டினால், அதுதான் சம்மதம்.