அரைப்பென்னிக்கு ஓர் ஆறு

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், லிஃபி ஆற்றின் மீது வெள்ளை வில்லாக வளைந்து நிற்கிறது ஓர் இரும்பு நடைபாலம். ஒரு காலத்தில் இதன் இரு முனைகளிலும் சுழல்கதவுகள் இருந்தன. ஏழையானாலும் செல்வரானாலும் அரைப்பென்னி கட்டினால்தான் அக்கரை சேரலாம். அந்தச் சில்லறைக் காசே பாலத்தின் பெயராக நிலைத்தது: ஹேப்பென்னி பாலம்!

கதை ஓட்டைப் படகுகளில் தொடங்குகிறது. ஆற்றில் ஏழு படகுகளை விட்டுவந்தவர் வில்லியம் வால்ஷ். அவை பழுதடைந்து கிடந்தன. படகுகளைச் சரிசெய், இல்லையேல் பாலம் கட்டு என்றது நகர நிர்வாகம். வால்ஷ் பாலத்தைத் தேர்ந்தெடுத்தார். பதிலுக்கு, 100 ஆண்டுகள் கட்டணம் வசூலிக்கும் உரிமை கிடைத்தது.

1816 மே மாதம் பாலம் திறக்கப்பட்டது. வாட்டர்லூ போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அதில் வென்ற, டப்ளினில் பிறந்த வெலிங்டன் பிரபுவின் பெயரைப் பாலத்துக்குச் சூட்டினார்கள். பின்னர் 'லிஃபி பாலம்' என்பது அதிகாரப்பூர்வப் பெயரானது. மக்கள் வாயில் நின்றதோ அரைப்பென்னிதான்.

இதன் இரும்பு இங்கிலாந்தின் கோல்புருக்டேலில் வார்க்கப்பட்டது. உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலத்துக்கான பாகங்களை 1779-இல் தந்த ஊர் அது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் முறியும். ஆகவேதான் வில் வடிவம். நடப்பவரின் எடை வளைவு வழியே இறங்கிக் கரைகளை அழுத்துகிறது. சுமார் 43 மீட்டர் அகலமுள்ள ஆற்றை நடுவில் தூணே இல்லாமல் தாண்டிவிடுகிறது. பாதைக்கு மேலே வளைந்த கம்பிகளில் மூன்று விளக்குகள்.

1913-இல் இதற்கு ஆபத்து வந்தது. ஹியூ லேன் சேகரித்த ஓவியங்களுக்காக, இந்தப் பாலத்தின் இடத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு கலைக்கூடத்தை வரைந்து தந்தார், புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ். அந்தத் திட்டம் நிறைவேறவில்லை, பாலம் பிழைத்தது. 1919-இல் கட்டணமும் ஒழிந்தது.

2001-இல் பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. பொறுப்பேற்றது, டைட்டானிக்கைக் கட்டிய பெல்ஃபாஸ்ட் நிறுவனமான ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப். கைப்பிடிக் கம்பிகளைக் கழற்றி எடுத்துச்சென்று செப்பனிட்டார்கள். புதிதாக மாற்றுவது எளிது. ஆனால் பழைய இரும்பில் பெரும்பகுதியைக் காப்பாற்றி மீண்டும் பொருத்தினார்கள்.

டப்ளின் செல்லும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். காதலின் அடையாளமாக அந்தக் கம்பிகளில் பூட்டு மாட்டாதீர்கள். பூட்டு உரசினால் வண்ணம் உரியும், துரு ஏறும். நகராட்சி அவற்றை வெட்டி அகற்றிவருகிறது. நடந்து பாருங்கள், அது போதும். இப்போது அரைப்பென்னியும் தேவையில்லை.